பக்கவாதம் வந்த அம்மாவுக்கு வெளிநாட்டுப் பணிப்பெண்: பினாங்குக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இது பினாங்குத் தீவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் 2024-க்கும் 2025-க்கும் இடையில் நடந்தது. அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றபின், பக்கவாத நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்த்து வருகிறேன். இந்தக் குடும்பத்துக்குள் போனதும் அப்படித்தான். பெயரும் தாமானும் (குடியிருப்புப் பகுதியும்) எழுதவில்லை, ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். குடும்பத்தார் படித்துப் பார்த்துச் சம்மதித்தார்கள், அந்தப் பணிப்பெண்ணுக்கும் மலாயில் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்கினேன்.

ஏன் எழுதுகிறேன் என்றால், வெளிநாட்டுப் பெண் ஒருவரைத் தங்கள் பெயரில் பெர்மிட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவரும் குடும்பங்கள் பெரும்பாலும் ஆளைத் தேடுவதில்தான் தொடங்குகின்றன. வேலை என்ன, எத்தனை மணி நேரம், எந்த வீட்டில், இரவில் யார் என்று முதலில் கணக்குப் பார்ப்பதில்லை. பெர்மிட் என்பது ஒரு ஆள், ஒரு முதலாளி, ஒரு வீடு, ஒரு வகை வேலை என்று எழுதிக் கொடுக்கிற காகிதம். அதில் எழுதியிருக்கும் வேலையும் வீட்டில் நடக்கும் வேலையும் விலக ஆரம்பித்தால் என்னாகும் என்பதை இந்த வீட்டில் கண்ணால் பார்த்தேன், அதுவும் நல்ல மனம் உள்ள மனிதர்கள் நடுவில்.

பின்னணி

அம்மாவுக்கு அப்போது 76 வயது. பல வருடமாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது, விழுங்கவும் சிரமப்பட்டார். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது மூக்குக் குழாய் இல்லை, ஆனால் தண்ணீரைக்கூட அதற்கென்று உள்ள மாவு கலந்து கெட்டிப்படுத்தித்தான் கொடுக்க வேண்டும், சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், கை கால் பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மூன்று பிள்ளைகள். மூத்த மகன் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் மேற்பார்வையாளர், அம்மா இருப்பது அவர் வீட்டில். மருமகள் வீட்டிலேயே சமைத்துக் காலை உணவும் விசேஷ ஆர்டரும் எடுத்துக் கொடுப்பவர், தொழிலை முறையாகப் பதிவு செய்து வருமான வரியும் கட்டுகிறவர். மகள் கோலாலம்பூரில் ஆசிரியை. கடைசி மகன் சிங்கப்பூரில் இருந்து மாதாமாதம் பணம் அனுப்புகிறார்.

தொடக்கத்தில் எல்லாவற்றையும் மருமகள்தான் பார்த்தார். ஆர்டர் பாதியாகக் குறைந்தது, தூக்கி இறக்கி அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. முதியோர் இல்லம் ஒன்றில் மாதம் 2,800 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார்கள். மூவரும் சேர்ந்தால் கட்ட முடிகிற தொகைதான், ஆனால் அம்மா போக மாட்டேன் என்று தலையை ஆட்டி அழுதார், பிள்ளைகள் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உள்ளூர் ஏஜென்சியில் பகல் நேரத்துக்கு மட்டும் ஆள் கேட்டுப் பார்த்தார்கள், மாதக் கணக்கில் அது இல்லத்துச் செலவையும் தாண்டிப் போனது. சரி, வீட்டோடு தங்குகிற ஆள்தான் வேண்டும் என்று முடிவானது.

முதலில் வந்த வழி

தூரத்து உறவினர் ஒருவர் மூலம் ஒரு ஏஜெண்டு வந்தார். தமிழ்நாட்டிலிருந்து 26 வயதுப் பெண், எட்டாம் வகுப்பு வரை படித்தவர், வயதானவர்களைப் பார்த்துக்கொண்ட அனுபவம் இருக்கிறது, முக்கியமாக அம்மாவோடு தமிழில் பேசுவார். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்கு வரலாம் என்று ஆகிவிட்டதல்லவா, அதைத்தான் இவர் வழியாகக் காட்டினார். “முதல்ல சுற்றிப் பார்க்க வர்ற மாதிரி வரட்டும் அண்ணே, வந்து வேலையை ஆரம்பிக்கட்டும், பெர்மிட்டை நான் பின்னாடி போட்டுத் தர்றேன்.” மகன் 1,500 வெள்ளி முன்பணமும் கொடுத்துவிட்டார். அதன் பிறகுதான் என்னிடம் சொன்னார்.

நான் அந்தப் பெண்ணின் பாஸ்போர்ட் நகலை வாங்கிப் பார்க்கச் சொன்னேன். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு இந்தியா கொடுக்கும் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்று இருக்கும், இவருடையதிலும் இருந்தது. அப்படிப்பட்ட பாஸ்போர்ட் உள்ளவர் வேலைக்கென்று போகும்போது இந்திய அரசின் அனுமதி வாங்க வேண்டிய நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் உண்டு. பெண்ணாக இருந்தால் 30 வயது நிறைந்திருக்க வேண்டும், தமிழ்நாட்டின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு நிறுவனம் மூலம்தான் போக வேண்டும். மலேசியா தன் பக்கத்தில் 21 முதல் 45 வயது வரையுள்ள பணிப்பெண்களை ஏற்கிறது, இந்தியாவும் அனுமதிக்கப்பட்ட நாடுதான். அப்படியானால் 26 வயது என்பது இந்தப் பக்கம் தடையில்லை, அந்தப் பக்கம்தான் தடை. ஏஜெண்டு அவரைச் சுற்றுலாப் பயணியாக அனுப்பப் பார்த்ததன் காரணம் இதுதான்: முறைப்படி அனுப்ப அவரால் முடியாது.

வந்தபின் பெர்மிட் கிடைக்குமா என்பதை ஏஜெண்டு முடிவு செய்வதில்லை, குடிநுழைவுத் துறை முடிவு செய்கிறது. அது கிடைப்பதற்கு முன்னால் அவர் அம்மாவுக்கு ஒரு வேளை கஞ்சி கொடுத்தாலும், சுற்றுலா அனுமதியில் வந்தவரை வேலைக்கு வைத்த குற்றம் வீட்டுக்காரர் மேல் விழும். குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவில் ஒரு ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆனாலும் நான் வேண்டாம் என்று அழுத்திச் சொன்னதற்கு அபராதம் இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் அந்தப் பெண். 30 நாள் முடிந்த மறுநாளிலிருந்து அவர் வாசல் கேட்டைத் தாண்டிப் போக முடியாது. காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்குப் போகப் பயம், சம்பளம் தரவில்லை என்றால் புகார் கொடுக்கப் பயம், வெளியில் யாராவது கூப்பிட்டால் பயம். படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரின் உயிரைப் பயந்துகொண்டே இருக்கும் இன்னொருவர் கையில் கொடுப்பது எந்த வகையில் பாதுகாப்பு? “எல்லாரும் இப்படித்தான் மிஸ்ஸி (தாதி) எடுக்கிறாங்க” என்றார் மகன். எடுக்கிறார்கள், தெரியும். அவர்கள் வீடுகளுக்கும் போயிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து மகன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முன்பணம் திரும்பி வரவில்லை.

எடுத்த வழி

அடுத்த கேள்வி, தமிழ் பேசும் ஆள்தான் வேண்டுமா என்பது. மகளுக்கு அதில் பிடிவாதம் இருந்தது. ஆனால் அம்மா பினாங்கின் ஜெலுத்தோங்கில் மலாய், சீன அண்டை வீட்டாரோடு ஐம்பது வருடம் வாழ்ந்தவர், சந்தையிலும் கிளினிக்கிலும் மலாய்தான் பேசியிருக்கிறார். பக்கவாதத்துக்குப் பின் நான் மலாயில் கேட்ட கேள்விகளையும் புரிந்துகொண்டு சரியாகக் கையைக் காட்டினார். அதை மகளிடம் வீடியோ அழைப்பில் காட்டினோம். அதன் பிறகு இந்தோனேசியா என்று முடிவானது.

இந்தோனேசியப் பணிப்பெண்கள் விஷயத்தில் 2022 ஏப்ரல் 1 அன்று ஜகார்த்தாவில் இரு நாடுகளும் ஓர் உடன்பாடு செய்தன, மலேசியா சார்பில் கையெழுத்துப் போட்டவர் அன்றைய மனிதவள அமைச்சர் எம். சரவணன். ஒரே வழியாக மட்டும் ஆள் எடுப்பது, மாதச் சம்பளம் குறைந்தது 1,500 வெள்ளி, முதலாளி வீட்டு வருமானம் குறைந்தது 7,000 வெள்ளி என்பவை அதில் முக்கியமானவை. அந்த ஆண்டு ஜூலையில் இந்தோனேசியா ஆள் அனுப்புவதையே நிறுத்தி வைத்தது. பேசிய வழியை விட்டுவிட்டு, பயணியாக வந்து இங்கே பெர்மிட்டுக்கு மாறும் பழைய வழி தொடர்ந்துகொண்டிருந்தது என்பதுதான் அவர்கள் புகார். ஆகஸ்டு 1 முதல் மறுபடி திறந்தார்கள். ஏஜெண்டு சொன்ன “வந்தபின் பார்த்துக்கலாம்” ஒரு நாடே கதவைச் சாத்துகிற அளவுக்குப் பெரிய விஷயம் என்று நான் மகனுக்குச் சொன்னது இதை வைத்துத்தான்.

வருமானக் கணக்கில் கொஞ்சம் இழுத்தது. மகன் சம்பளம் மட்டும் 7,000 வரவில்லை, மருமகள் தொழில் வருமானத்தைச் சேர்த்தால் தாண்டியது, அவர் வரி கட்டிய காகிதம் கைவசம் இருந்ததால் காட்ட முடிந்தது. சிங்கப்பூர்த் தம்பி பெயரில் விண்ணப்பித்துவிடலாமே, அவருக்குத்தான் அதிகச் சம்பளம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்றேன். முதலாளி என்று கையெழுத்துப் போடுகிறவர் அந்த வீட்டில் இருக்கிறவராக, அன்றாடம் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும்.

ஏஜென்சியைத் தேர்ந்தெடுக்கும்போது தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டத்தின்கீழ் சி வகை உரிமம் இருக்கிறதா என்று பார்த்தோம், வெளிநாட்டு ஆள் எடுப்பவருக்கு வேண்டியது அந்த வகைதான். செலவு எல்லாம் சேர்த்து பதினைந்தாயிரம் வெள்ளியை ஒட்டி வந்தது. மூன்று பிள்ளைகளும் பங்கு போட்டுக்கொண்டார்கள், அதில் ஒரு வெள்ளிகூட அந்தப் பெண்ணின் சம்பளத்தில் பிடிப்பதில்லை என்று எழுதி வைத்தோம். இது முக்கியம். வந்த முதல் மாதங்களில் சம்பளம் கையில் வராத பெண் ஊரில் கடன் வாங்குவார், கடன் வாங்கியவர் எங்கே கூடுதல் காசு கிடைக்கும் என்று பார்ப்பார், அதைத் தப்பு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

அப்புறம் நடைமுறை. குடிநுழைவுத் துறை ஒப்புதல், அதை வைத்து இந்தோனேசியாவின் மேடானில் விசா, பினாங்கு விமான நிலையத்தில் வந்து இறங்கியபின் 30 நாளுக்குள் வெளிநாட்டுத் தொழிலாளருக்கான ஃபோமெமா மருத்துவப் பரிசோதனை, அது தேறியதும் பெர்மிட். வீட்டுப் பணிப்பெண்ணுக்கு ஆண்டு லெவி (வெளிநாட்டு ஆளை வைப்பதற்கான வரி) 410 வெள்ளி, அது முதலாளி கட்ட வேண்டியது. ஃபோமெமாவைச் சடங்கு மாதிரி நினைக்கக் கூடாது, காசநோயும் அதில் பார்க்கிறார்கள், விழுங்கச் சிரமப்பட்டு அடிக்கடி சளி கட்டுகிற முதியவர் இருக்கும் வீட்டுக்கு அது பெரிய விஷயம். ஆரம்பித்ததிலிருந்து ஆள் வந்து சேர நான்கு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளிக்குப் பக்கத்து வரிசையில் இருந்த ஒரு தமிழ் அக்காவைப் பகலில் வரவைத்து, புரட்டிப் படுக்க வைப்பதையும் ஊட்டுவதையும் சொல்லிக் கொடுத்தேன். இவர் பின்னாலும் வருவார்.

வந்தபோது பேசி வைத்தவை

வந்தவருக்கு 34 வயது, மேடான் பக்கம், இரண்டு பிள்ளைகளைத் தாயிடம் விட்டு வந்தவர். முன்பு ஜொகூரில் ஒரு சீன முதியவரைப் பார்த்துக்கொண்ட அனுபவம். அம்மாவை முதல் நாளே பாட்டி என்று கூப்பிடப் பழகிக்கொண்டார்.

சம்பளம் 1,800 வெள்ளி, வங்கிக் கணக்கில். குறைந்தபட்சச் சம்பள ஆணை வீட்டுப் பணியாளருக்குப் பொருந்தாது, வேலைச் சட்டத்தில் வேலை நேரம், வார ஓய்வு பற்றிய பகுதிகளும் அவர்களுக்கு இல்லை. அதனால் காகிதத்தில் என்ன எழுதுகிறோமோ அதுதான் அவருக்குக் கிடைக்கிற பாதுகாப்பு. ஞாயிற்றுக்கிழமை முழு ஓய்வு, அன்று அந்த அக்கா வருவார் என்று எழுதினோம். தொழிலாளர்க்கான சமூகப் பாதுகாப்பு, அதாவது சொக்சோ, 2021 ஜூன் 1 முதல் வீட்டுப் பணியாளர்களுக்கும் கட்டாயம். அப்போது மாதம் இருபது வெள்ளியைச் சற்றே தாண்டியது, முதலாளி பங்கு மட்டும். ஆளைத் தூக்கி இறக்கும் வேலையில் முதுகு போவது எவ்வளவு எளிது என்று தெரிந்த நான் இதை விட விடவில்லை.

நீளமாகப் பேச வேண்டி வந்தது பாஸ்போர்ட்டைப் பற்றித்தான். “ஓடிப் போயிட்டா பதினைந்தாயிரம் போச்சே” என்பது மகனுடைய பயம், அதைப் பொய்யான பயம் என்று நான் சொல்ல மாட்டேன், நடந்த வீடுகள் உண்டு. ஆனால் அடுத்தவர் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்வது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம், 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். 2011-இல் இந்தோனேசியாவோடு செய்த திருத்த உடன்பாட்டிலேயே பாஸ்போர்ட் பணிப்பெண்ணிடம் இருக்க வேண்டும், வாரம் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்று எழுதியாகிவிட்டது. ஓடிப்போன பெண்களில் எனக்குத் தெரிந்தவர்கள் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டுத்தான் ஓடினார்கள். தூக்கம் இல்லாமல், சம்பளம் வராமல், ஊருக்குப் பேச முடியாமல் இருந்தவர்கள் அவர்கள். அவருடைய அறையில் பூட்டுப் போட்ட இழுப்பறை ஒன்று வாங்கி வைத்து, சாவியை அவரிடமே கொடுத்தார் மருமகள்.

நான்காம் மாதம் கண்டது

முதல் மூன்று மாதம் நன்றாகப் போனது. அம்மா படுக்கையின் ஓரத்தில் கால் தொங்கவிட்டு உட்காரும் அளவுக்கு வந்தார். நான் வாரம் ஒருமுறை போவதைக் குறைத்துக்கொண்டேன்.

நான்காம் மாதம் போனபோது அம்மாவின் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில், ஐம்பது காசு அளவுக்குத் தோல் உரிந்து புண் ஆகியிருந்தது. குதிகாலிலும் சிவப்பு. கை கால் பயிற்சி எழுதும் நோட்டில் பல நாள் காலியாக இருந்தது. படுக்கைப் புண் என்பது ஒரு நாள் அலட்சியத்தில் வருவதில்லை, நேரம் எங்கேயோ போகிறது என்பதன் அடையாளம் அது. யாரையும் திட்டாமல், ஒரு நாளில் காலையிலிருந்து என்னென்ன செய்கிறீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டு எழுதினேன்.

காலை நாலரைக்கு எழுந்து மருமகளோடு இட்லி ஊற்றுகிறார். ஆறரை வரை பொட்டலம். ஏழு மணிக்குப் பாட்டிக்குக் குளியல், காலை உணவு. பத்து மணிக்கு மேல் மறுநாள் ஆர்டருக்கு வெங்காயம், தேங்காய். மதியம் பாட்டி தூங்கும்போது பாத்திரம். தீபாவளி நெருங்கியதால் சாயங்காலம் முறுக்கு பிழிவது. இரவு பதினொன்றுக்குப் படுத்தால், இடையில் இரண்டு முறை எழுந்து பாட்டியைப் புரட்ட வேண்டும், ஆனால் அசதியில் எழுந்திருக்கவே முடியவில்லை என்று அவரே சொன்னார்.

இதில் யாரும் கொடுமைக்காரர் இல்லை. யாரும் அவரை அதட்டி வேலை வாங்கவில்லை. மருமகள் அவருக்கு மாதம் 200 வெள்ளி கூடுதலாகக் கொடுத்தார், தன் தட்டில் என்ன இருந்ததோ அதையே அவருக்கும் வைத்தார், அந்தப் பெண்ணும் “சும்மா உட்கார்ந்திருக்க மனசு வரலை, காக் (அக்கா)” என்றார். தேங்காய் துருவிக் கொடுத்ததில் ஆரம்பித்து, ஒருநாள் அவசரத்துக்குப் பொட்டலம் கட்டி, அப்படியே வளர்ந்து அன்றாட வேலையாகிவிட்டது. வீட்டுச் சமையலறையும் வியாபாரச் சமையலறையும் ஒன்றாக இருக்கும் வீட்டில் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. மளிகைக் கடை, உணவுக் கடை, வீட்டோடு தையல், பூக்கட்டும் தொழில் என்று நம் வீடுகளில் பாதிக்கு இந்த அமைப்புதான், அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சட்டப்படி இதன் பெயர் பெர்மிட் நிபந்தனை மீறல், குடிநுழைவு விதிகளில் 39(பி) என்று வருவது. வீட்டுப் பணிக்கான அனுமதியில் வந்தவர் விற்பனைக்கான சமையலில் வேலை செய்யக் கூடாது, கூடுதல் காசு கொடுத்தாலும் கூடாது, அவரே விரும்பினாலும் கூடாது. சோதனை வந்தால் முதலில் பிடித்துக்கொண்டு போவது அவரைத்தான். முறுக்கு எண்ணெய் கையில் கொட்டியிருந்தால், வீட்டுப் பணியாளர் என்று பதிந்த சொக்சோவில் அதை எப்படிச் சொல்வது? சொல்ல முடியாமல் மறைப்பார்கள், மறைத்தால் சிகிச்சை தள்ளிப் போகும்.

கூடிப் பேசி எடுத்த முடிவுகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் நேரில், மகளும் தம்பியும் அழைப்பில். பணிப்பெண்ணையும் உட்கார வைத்தேன், அவர் இல்லாமல் அவர் வேலையைப் பற்றிப் பேசுவது சரியில்லை. மலாயில்தான் பேசினோம்.

புண்ணைப் பார்த்து மகள் அண்ணியைக் கோபித்தார். மருமகள் அழுதார். நான் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தினேன், ஏனென்றால் அம்மாவை இரண்டு மாதம் தனியாகத் தூக்கிச் சுமந்தவர் அந்த மருமகள், அவருக்கும் பிழைப்பு வேண்டும்.

நான் எழுதி வைத்த பட்டியலில் பாட்டிக்கான வேலையை மட்டும் கூட்டிப் பார்த்தோம். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, பாம்பர்ஸ் மாற்றுவது, புரட்டுவது, பயிற்சி, மருந்து, துணி, அவருக்கான சமையல். பகலில் மட்டும் ஒரு ஆளுக்கு நிறைந்த வேலை. இரவையும் அவரே பார்ப்பது என்றால் ஒரு மனுஷியால் ஆகாது, வியாபார வேலை இல்லாவிட்டாலும் ஆகாது. இதுவரை யாரும் இப்படிக் கூட்டிப் பார்க்கவில்லை.

முதல் முடிவு, அன்றிலிருந்தே வியாபார வேலை நிறுத்தம். மருமகளுக்கு உதவியாகத் தாமானிலிருந்து ஒரு பெண்ணைக் காலை மூன்று மணி நேரத்துக்கு அமர்த்தினார்கள், அந்தச் சம்பளம் உணவு விலையில் ஏறியது. 200 வெள்ளியை நிறுத்தினால் பணிப்பெண்ணுக்கு நஷ்டம் அல்லவா, அதனால் அவருடைய சம்பளத்தையே 2,000 ஆக்கி ஒப்பந்தத்தில் எழுதினார்கள். தம்பி அதை ஏற்றுக்கொண்டார்.

இரண்டாவது, இரவு. காற்று மெத்தை வாங்கினார்கள். புண் இருக்கும்வரை இரண்டு மணி நேரக் கணக்கை விடவில்லை, ஆறியபின் மெத்தை இருப்பதால் இரவில் இடைவெளியைக் கூட்டலாம் என்று மருத்துவர் சொன்னார். பதினோரு மணிக்கும் ஒரு மணிக்கும் மகன், வேலை முடிந்து வரும் ஷிஃப்டைப் பொறுத்து மாற்றிக்கொண்டார். மூன்று மணிக்கு மருமகள், அவர் எப்படியும் எழப் போகிறவர். ஐந்திலிருந்து பணிப்பெண். பகலில் மதியம் இரண்டு மணி நேரம் அவருக்குக் கட்டாய ஓய்வு.

மகள் இன்னொன்று கேட்டார்: தீபாவளிக்கு முன் ஒரு வாரம் அவரைக் கோலாலம்பூருக்கு அனுப்ப முடியுமா, வீட்டைச் சுத்தம் செய்ய, அம்மாவை அந்த அக்கா பார்த்துக்கொள்ளட்டும் என்று. அண்ணன் பெயரில் உள்ள பெர்மிட்டில் தங்கை வீட்டில் வேலை செய்ய முடியாது என்றதும் விட்டுவிட்டார்.

அதன் பின் நடந்தது

புண்ணை உப்புநீரில் துடைத்துக் கட்டுவதை நானே ஆரம்பத்தில் செய்தேன், பிறகு பணிப்பெண் கற்றுக்கொண்டார், என்னைவிடச் சுத்தமாகச் செய்தார் என்றே சொல்வேன். பக்கவாட்டில் முப்பது பாகை சாய்த்துத் தலையணை கொடுப்பது, குதிகாலை மெத்தையில் படாமல் தூக்கி வைப்பது, முட்டை வெள்ளைக்கரு, மீன். சர்க்கரை இருந்ததால் ஆற நாள் பிடித்தது, இரண்டு மாதத்துக்கு மேல். பயிற்சி நோட்டு மறுபடி நிரம்பியது. தைப்பூச நேரத்தில் அம்மா நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, இருவர் தாங்க, அறைவாசல் வரை நடந்தார்.

முதல் ஆண்டு முடிந்து பெர்மிட் புதுப்பித்தார்கள். அதற்குச் சில மாதம் கழித்து, ஒரு மாலை, பணிப்பெண் மருமகளிடம் வந்து ஊரில் தன் தாய்க்கு உடம்பு சரியில்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, போக வேண்டும் என்றார். வீட்டுப் பணியாளர் ஒப்பந்தத்தை இரு தரப்பும் 14 நாள் முன்னறிவிப்பில் முடிக்கலாம் என்று வேலைச் சட்டம் சொல்கிறது. அவர் ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் கொடுத்தார். பாஸ்போர்ட் அவர் இழுப்பறையிலேயே இருந்தது, நினைத்திருந்தால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் போயிருக்கலாம். சொல்லிவிட்டுப் போனால் யாரும் தடுக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் சொன்னார்.

போகும்போது செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் செய்தார்கள்: பாக்கிச் சம்பளம் கணக்கில், விமானச் சீட்டு முதலாளி செலவு, குடிநுழைவுத் துறையில் பெர்மிட்டை ரத்து செய்து நாட்டை விட்டுப் போவதற்கான செக் அவுட் மெமோ, சொக்சோவில் பெயர் நீக்கம், 30 நாளுக்குள் தொழிலாளர் துறைக்கு அறிவிப்பு. மெமோவை விட்டுவிட்டுச் சீட்டை மட்டும் எடுத்து அனுப்பும் குடும்பங்கள் உண்டு, பின்னால் அடுத்த ஆளுக்கு விண்ணப்பிக்கும்போது பழையவர் பெயர் இன்னும் அவர்கள் கணக்கில் நிற்கும்.

மாற்று ஆள் வரும்வரை அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பகலுக்கு வந்தார். அம்மாவின் உடம்பு, பழக்கம், எதற்கு முகம் சுளிப்பார் என்பது எல்லாம் அவருக்குத் தெரியும். புண் திரும்ப வரவில்லை. ஊருக்குப் போன பணிப்பெண்ணே தன் ஊரில் தெரிந்த ஒருவரைச் சொன்னார், அவர் அதே ஏஜென்சி வழியாக, அதே முறையில் வந்தார்.

மாற்ற வேண்டியவை

இந்தக் குடும்பம் இரண்டாவது ஆளுக்கு விண்ணப்பிக்கும் முன்பே மாற்றிக்கொண்டவற்றையும், மற்ற வீடுகளுக்கு நான் இப்போது சொல்வதையும் சேர்த்து எழுதுகிறேன்.

24 மணி நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் யார் என்று பெயர் போட்டபின்தான் ஏஜென்சிக்குப் போக வேண்டும். பணிப்பெண் பெயர் தொடர்ந்து பத்து மணி நேரத்துக்கு மேல் வந்தால், அல்லது இரவு முழுவதும் அவர் பெயரே இருந்தால், அந்த வீட்டுக்கு ஒரு ஆள் போதாது. இரண்டாவது ஆளைப் பெர்மிட்டில் எடுப்பதா, உள்ளூரில் பகுதி நேரமா, பிள்ளைகள் முறை வைத்துக்கொள்வதா என்று அப்போதே பேச வேண்டும். இந்த வீட்டில் அது நான்காம் மாதம், புண் வந்தபின் பேசப்பட்டது.

வீட்டோடு தொழில் இருந்தால் தொழிலுக்கான ஆளைத் தனியாக, உள்ளூரில், முதலில் அமர்த்திவிடுங்கள். பணிப்பெண் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த இடத்தை அவர்தான் நிரப்புவார். புதியவர் வந்த வீட்டில் மருமகள் வியாபாரச் சாமான்களைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டார், பாட்டிக்கான சமையல் முன் அடுப்பில்.

ஓய்வு நாளுக்கு வரும் மாற்று ஆளை முதல் வாரத்திலிருந்தே பழக்குங்கள். அது பணிப்பெண்ணுக்குச் செய்யும் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். அவர் ஊருக்குப் போன மாதங்களில் இந்த அம்மாவை யார் பார்த்திருப்பார் என்று யோசித்தால் தெரியும்.

நோயாளியின் தோலை வாரம் ஒருமுறை குடும்பத்தில் ஒருவர், பணிப்பெண் அல்லாத ஒருவர், வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்: இடுப்புக்குக் கீழே, குதிகால், முழங்கை, காதுக்குப் பின்னால். அழுத்தினால் மறையாத சிவப்பு தெரிந்தால் அன்றைக்கே அட்டவணையை எடுத்துப் பாருங்கள். இந்த வீட்டில் அந்த வேலையை மகன் எடுத்துக்கொண்டிருக்கிறார், சனிக்கிழமை காலை பார்த்து நோட்டில் எழுதி மற்ற இருவருக்கும் படம் எடுத்து அனுப்புகிறார்.